யாரும் பார்க்காத எட்டு நிமிடம்

எச்.எஸ்.சி. முடிவு வந்து லொரேயா பட்டியல் வெளியாகும் நாள் எங்கள் மொரிஷியஸில் ஒரு திருவிழா மாதிரி. நாட்டிலேயே முதல் வரிசையில் தேறி, அரசு உதவித்தொகையில் மேற்படிப்புக்குப் போகும் மாணவரைத்தான் லொரேயா என்கிறோம். பெயரைச் சொன்னதும் தோழர்கள் அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளி முற்றத்தைச் சுற்றுவார்கள். தொலைக்காட்சிக்காரர் மைக்கை நீட்டி, "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்பார். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஏழெட்டு வயதுதான். போன வருடம் ஒரு தாயிடம், "உங்கள் மகனுக்குப் படம் அருமையாக வருகிறது. மாட்டுக்குக் கால் எந்த இடத்தில் மடங்கும் என்று பார்த்துப் போடுகிறான், இந்த வயதில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்" என்று சொன்னேன். "அது இருக்கட்டும் மிஸ், கணக்கில் எப்படி?" என்றார். நல்ல தாய். மாலையில் மகனை லெசோனுக்கு, அதாவது டியூஷனுக்கு, கொண்டு விடுவதற்காக வேலையிலிருந்து நேராகப் பேருந்து பிடித்து ஓடி வருகிறவர். அவர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த "அது இருக்கட்டும்" மட்டும் மனதில் தங்கிவிட்டது. எத்தனை வீடுகளில், எத்தனை பிள்ளைகளின் கையில் இருந்த ஒன்றை "அது இருக்கட்டும்" என்று பரணில் ஏற்றி வைத்திருக்கிறோம்!

தன் திறமை போகும் வழியில் போனால் மனநிறைவு கிடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். ஏன் அப்படி என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. உளவியலில் இதைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இதுவரை அதைக் கேள்விப்படாதவர்களுக்காக, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள்: அக ஊக்கம், புற ஊக்கம். ஒரு வேலையை அந்த வேலைக்காகவே செய்தால் அது அக ஊக்கம். குழந்தை மணலில் வீடு கட்டுவது அப்படி. அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. மதிப்பெண், சம்பளம், பாராட்டு, திட்டு வாங்காமல் தப்பிப்பது, இப்படி வேலைக்கு வெளியே உள்ள ஒன்றுக்காகச் செய்தால் அது புற ஊக்கம். இரண்டும் எல்லாரிடமும் உண்டு. புற ஊக்கம் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம் இல்லாமல் யாரும் வீட்டு வாடகை கட்ட முடியாது.

இவை இரண்டும் மோதும்போது என்ன ஆகிறது என்று பார்க்க எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 1971இல் அதை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் 24 பேர், இரண்டு குழு. சோமா என்றொரு புதிர் உண்டு. ஏழு துண்டுகளைச் சேர்த்து விதவிதமான வடிவங்களை உண்டாக்க வேண்டும். மாணவர்களுக்கு அது நிஜமாகவே பிடித்திருந்தது. மூன்று அமர்வுகள் நடந்தன. இரண்டாவது அமர்வில் ஒரு குழுவுக்கு மட்டும், முடித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்தார்கள். மூன்றாவது அமர்வில் யாருக்கும் காசு இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர்கள் ஆர்வத்தை அளந்த விதம். "உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்கவில்லை. ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் ஆய்வாளர் ஏதோ காரணம் சொல்லி அறையை விட்டு எட்டு நிமிடம் வெளியே போவார். மேசையில் புதிரும் இருக்கும், படிக்க நல்ல பத்திரிகைகளும் இருக்கும். மாணவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அந்த எட்டு நிமிடத்தில் அவர் புதிரை எடுக்கிறாரா, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார் என்பதை அவருக்குத் தெரியாமல் குறித்துக்கொண்டார்கள். காசு வாங்கிய குழு, காசு நின்ற பிறகு முன்பைவிடக் குறைவான நேரமே புதிரைத் தொட்டது. காசே பார்க்காத குழுவுக்கு ஆர்வம் அப்படிக் குறையவில்லை.

24 பேரை வைத்துச் செய்தது சின்னச் சோதனைதான். இரண்டு ஆண்டு கழித்து, 1973இல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும் இதேபோல் பார்த்தார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள். வண்ணப் பேனாவில் வரைவதை ஏற்கெனவே விரும்புகிறவர்கள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம், "வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் 1999இல் இப்படிப்பட்ட 128 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும், எதிர்பார்க்க வைத்துக் கொடுக்கும் பரிசு அக ஊக்கத்தைக் குறைக்கிறது என்றே தெரிந்தது. மனதாரச் சொல்லும் பாராட்டு அதை வளர்க்கிறது என்பதும் அதே ஆய்வில் வந்தது. அந்தத் தாயிடம் நான் அடுத்த முறை பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

டெசியும் அவருடைய சக ஆய்வாளர் ரிச்சர்ட் ரயனும் பின்னாளில் இதை ஒரு பெரிய கோட்பாடாகவே வளர்த்தார்கள். சுயநிர்ணயக் கோட்பாடு என்று தமிழில் சொல்லலாம். அரசியலில் நாம் கேட்டுப் பழகிய சொல்தான். நாட்டுக்குப் பதில் இங்கே ஒரு தனிமனிதர். வயிற்றுக்குச் சோறு போல மனதுக்கு மூன்று தேவைகள் உண்டு என்கிறது அது. நான் செய்வதை நானே தேர்ந்தேன் என்ற உணர்வு. செய்வது எனக்குக் கைவருகிறது, நாளுக்கு நாள் மெருகேறுகிறது என்ற உணர்வு. என்னைச் சேர்ந்தவர்கள் என்று சிலர் இருக்கிறார்கள் என்ற உணர்வு. திறமை ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரிகிறது. இயல்பாக வரும் ஒன்றைச் செய்யும்போது இரண்டாவது தேவை தானாக நிறைகிறது. நீங்களே விரும்பி எடுத்தது என்றால் முதல் தேவையும் நிறைகிறது. ஊர் மெச்சுவதற்காகச் செய்யும் வேலையில் பட்டம் வரலாம், கார் வரலாம், இந்த இரண்டும் வருமா என்பது சந்தேகம்.

இனி, இந்தக் கோட்பாட்டில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி. என் சொந்த வாழ்க்கையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

நான் கணக்கியல் படித்தவள். ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தகுதித் தேர்வின் தாள்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறி, எபெனில் ஓர் அலுவலகத்தில் நாலு வருடம் வேலை பார்த்தேன். வேலை எனக்கு வராமல் இல்லை. கணக்கு சரியாக வந்தது, மேலாளர்கள் பாராட்டினார்கள். அம்மா கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்வார். எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நெஞ்சில் ஒரு கல் வந்து உட்காரும். ஒருநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை வரும் என்று பயந்திருந்தேன். அவரோ, "உன் இஷ்டம்மா, நான் எப்போ உன்னைத் தடுத்தேன்?" என்றார். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. வெளியே தடுப்பவர் யாரும் இல்லை, ஆனாலும் என்னால் விட முடியவில்லை. "இவ்வளவு படித்துவிட்டு இப்படியா?" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்த்தால் அது என் குரல்தான்.

டெசியும் ரயனும் இதற்கு ஒரு தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் வெளியிலிருந்து சொன்னது கொஞ்சம் கொஞ்சமாக நமக்குள்ளே புகுந்துவிடும். ஆனால் நம்முடையதாக மாறியிருக்காது. மெல்லாமல் விழுங்கிய சோறு போல வயிற்றில் அப்படியே கிடக்கும். இங்கே கிரியோலில், "கி திமூன் பு தீர்?" என்பார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அதே கேள்வி. அந்த நாலு பேர் தெருவில் நிற்கும்வரை கதவைச் சாத்திக்கொள்ளலாம். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் எங்கே போவது? இப்படி விழுங்கிய எதிர்பார்ப்பில் ஓடுகிறவர்கள் நன்றாகவே உழைப்பார்கள், சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. குற்ற உணர்ச்சியும் வெட்கமும்தான் அவர்களுக்குச் சாட்டை. அடையாளம் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: ஒரு வேலை நன்றாக முடிந்த அந்த நிமிடத்தில் உங்களுக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். சந்தோஷமா, "அப்பாடா"வா? எப்போதாவது "அப்பாடா" வருவது இயல்பு. எப்போதுமே அதுதான் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிடிக்காத வேலை எல்லாமே விழுங்கிய வேலை என்றும் ஆகாது. என் அப்பா சர்க்கரை ஆலையில் இருந்தார். ஜூனிலிருந்து டிசம்பர் வரை கரும்பு அறுவடைக் காலத்தில் இரவு ஷிப்ட் முடிந்து, சட்டை முழுக்கக் கரும்புப்பாகு வாசனையோடு விடியற்காலையில் வருவார். அந்த வேலையை அவர் ரசித்ததில்லை. ஆனால் ஏன் செய்கிறோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும், அந்தக் காரணம் அவருடையது: நாங்கள் படிக்க வேண்டும். கோட்பாடு இதையும் சொந்த விருப்பத்தின் பக்கத்தில்தான் வைக்கிறது. கடமை என்றாலே அடிமைத்தனம் என்று பேசுகிறவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

சரி, எனக்கு எது இயல்பாக வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டெசியின் எட்டு நிமிடத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. யாரும் பார்க்காத, யாரும் மதிப்பெண் போடாத நேரத்தில் உங்கள் கை எதைத் தேடிப் போகிறது?

அலுவலகத்தில் மதிய இடைவேளையில் நான் அட்டையை வெட்டி எழுத்துகள் செய்துகொண்டிருப்பேன். ஞாயிறு காலையில் கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்து வந்தேன், அதற்காக. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள் அவர்கள். ழகரம் அவர்கள் வாயில் வரவே வராது; 'வாழை' என்றால் 'வாலை' என்பார்கள். எனக்கு முன்னால் எடுத்தவர், "நாக்கை மடி" என்பார், பிள்ளைகள் நாக்கை வெளியே நீட்டி மடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிடிபட்டது. முதலில் 'ள்ள்ள்' என்று நீட்டச் சொல்ல வேண்டும். அதில் நாக்கு நுனி மடங்கி மேலே ஒட்டியிருக்கும். ஒலியை நிறுத்தாமலே நுனியை ஒரு நூலளவு கீழே இறக்கச் சொல்ல வேண்டும், மேலே ஒட்டக் கூடாது. அவ்வளவுதான், ழகரம் தானாக வந்து விழும். அந்த ஞாயிறு ஒன்பது பிள்ளைகளில் ஏழு பேருக்கு வந்தது. ஒரு சிறுமி வகுப்பு முடிந்தும் போகாமல் கொடிமரத்தைச் சுற்றிச் சுற்றி, "வாழை, மழை, கிழங்கு" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். எந்தக் கணக்கைச் சரிபார்த்த நாளிலும் எனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

இதே எட்டு நிமிடம் 'இல்லை' என்றும் சொல்லும். வீணை வாசிப்பவளாக வேண்டும் என்று எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆசை. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் வீணை சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்ததும் சேர்ந்தேன். வகுப்பு நாளில் வாசிப்பேன். மற்ற நாளில் வீணை மேல் போர்த்திய துணி அப்படியே இருக்கும். நான் ஆசைப்பட்டது வீணையோடு மேடையில் இருப்பதற்கு. வீணையோடு தனியாக இருப்பதற்கு அல்ல. அது தெரிந்ததில் வருத்தம் இருந்தது. ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லதுக்குத்தான்.

ஒன்று கவனியுங்கள். டெசியின் மேசையில் பத்திரிகைகள் இருந்தன. இன்று நம் மேசையில் கைபேசி இருக்கிறது. பத்திரிகையை மூடி வைக்கலாம், இது நம்மை மூடவிடாது. ஒரு வாரம் தினமும் கொஞ்ச நேரம் அதை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வெறும் எரிச்சலாக இருக்கும். அதன் பிறகுதான் கை எதையாவது தேடும்.

நம் பெரியவர்கள் ஏன் இப்படி எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தீவுக்கு முதலில் வந்த தமிழர்களில் பலர் கைத்தொழில் தெரிந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியில் போர்ட் லூயிஸ் நகரத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தரும் தச்சரும் கொல்லரும் வந்தார்கள். அப்புறம் 1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஏறி வந்த ஆப்ரவாசி காட் படிகள் இன்னும் இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் படியில் கால் வைத்தவரிடம், "உனக்கு என்ன வரும், என்ன பிடிக்கும்?" என்று யாராவது கேட்டிருப்பார்களா? கரும்புக் காட்டில் வெயிலில் முதுகு வளைந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நிழலில் உட்கார்ந்து செய்யும் அரசாங்க வேலையைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கனவு கண்டார்கள். அந்தக் கனவில்தான் நானும் படித்தேன். அதை எதிர்ப்பு என்று பார்த்தால் சண்டை வரும். பயத்தில் விளைந்த பாசம் என்று பார்த்தால் பேச முடியும்.

எட்டு நிமிடம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு எங்கள் தீவிலேயே ஒரு சாட்சி பறக்கிறது. மொரிஷியஸ் வல்லூறு உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. காடு அழிந்து, மலேரியாவுக்குத் தெளித்த டி.டி.டி. மருந்தும் சேர்ந்து, 1974இல் காட்டில் நாலே நாலு பறவைகள்தான் இருப்பதாகத் தெரிந்தது. 1979இல் கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் வேல்ஸிலிருந்து இங்கே வந்தார். சிறு வயதில் வீட்டுத் தோட்டத்தில் அடிபட்ட பறவைகளைப் பார்த்துக்கொண்டு, வல்லூறுகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தவர். அவர் வயதுப் பிள்ளைகளுக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கும். அந்தக் கைப்பழக்கம்தான் இங்கே உதவியது. பாறை இடுக்குக் கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப் பறவை மறுபடி முட்டையிடும். எடுத்ததைப் பொரிப்பானில் வைத்து, குஞ்சுக்குக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டார். இன்று அந்த வல்லூறுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2016இல் அவருக்கு, விலங்குகளைக் காப்பவர்களுக்கு வழங்கும் இண்டியானாபோலிஸ் பரிசு கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். மால்கம் த ஷஸால் என்ற எங்கள் ஊர் எழுத்தாளர், ஓவியர், அமெரிக்காவில் சர்க்கரைத் தொழில் பொறியியல் படித்தவர். இங்கே வந்து அரசாங்கத்தின் தொலைபேசித் துறையில் 1957வரை வேலை பார்த்தார். பிரான்சில் பேர் வாங்கிக் கொடுத்த எழுத்தையெல்லாம் அந்த வேலையில் இருந்துகொண்டேதான் எழுதினார். நானும் ஞாயிறு வகுப்பை நாலு வருடம் நடத்திய பிறகுதான் அலுவலகத்தை விட்டேன். சம்பளம் குறைந்தது, முதல் இரண்டு வருடம் அது உறைத்தது.

இப்போது என் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். ஞாயிறு வகுப்பில் என்னிடம் படித்தவள், பதினெட்டு முடிந்துவிட்டது. அவளும் கணக்கியல்தான் படிக்கிறாள். கியூர்பிப் என்ற ஊரில் பழைய காலக் கப்பல்களின் மரமாதிரி செய்யும் பட்டறைகள் உண்டு. நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும் நுணுக்கமான வேலை. அங்கே வேலை செய்யும் அவள் சித்தியிடமிருந்து இவள் வீட்டுக்குப் பாய்த்துணி வாங்கி வருகிறாள். வெள்ளைத் துணி அப்படியே இருந்தால் பொம்மைக் கப்பல் மாதிரி தெரியும். கடலில் வருடக்கணக்கில் அடிபட்ட பாயின் நிறம் வருவதற்குத் தேயிலைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். எத்தனை நிமிடம் என்று சித்தி ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். இவள் அதோடு விடவில்லை. கொதிக்கும் நீரில் ஒரு துண்டு, ஆறிய நீரில் ஒரு துண்டு, உப்புப் போட்டு ஒரு துண்டு என்று கொடியில் வரிசையாகக் காயப் போட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் நேரத்தை எழுதி வைத்திருந்தாள். "ஈரத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும் மிஸ், காய்ந்த பிறகு வாருங்கள்" என்றாள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, அதற்கும் படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் அம்மா முதலில் திட்டினார். வாளி முழுக்கக் கறை, சமையலறை முழுக்கத் தேயிலை. போன வாரம் போனபோது, காலை டீ போட்ட சக்கையை அவர் கொட்டாமல் வடிகட்டியோடு எடுத்துப் போய், மூடி போட்ட ஒரு டப்பாவில் தட்டிவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்தார்.